சிரில் வாங்கிய தொலைநோக்கி

மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்த சிரில் ஒராஜெமுக்கு இருந்தது ஒரே ஆசை. ஒரு பெரிய கலைமானைச் சுட வேண்டும். எங்கள் கோச்செவ்யே மலைக்காட்டுப் பக்கத்து வேட்டைச் சங்கத்தில் அதற்கு முறை உண்டு. ஒருவருக்கு ஒரு தடவை வந்தால், அடுத்தது வருவதற்குள் ஆள் போய்ச் சேர்ந்துவிடுவார். அந்த இலையுதிர் காலத்தில் சிரிலின் முறை வந்தது.

அவருடைய துப்பாக்கியில் இருந்த தொலைநோக்கி மலிவானது. மான் வெளியே வரும் அந்தி நேரத்தில் கண்ணாடி பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிடும்.

சங்கத்தின் சமையலறையில் நானும் சிரிலின் மனைவி யுஸ்தினாவும் சமைப்போம். சாப்பாடு நீட்டும் சின்ன ஜன்னல் வழியாகக் கூடத்துப் பேச்செல்லாம் எங்களுக்குக் கேட்கும்.

"என்ன சிரில், அந்தப் புட்டி அடிக் கண்ணாடிய வச்சா மானப் பாக்கப் போற?" என்றார் சங்கத் தலைவர் க்லூன். ஆலை முதலாளியும் அவர்தான். "என் மாட்டச் சுட்டுடாதப்பா!"

எல்லோரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். சிரிலும் சிரித்தார்.

"புதுசு வாங்குறேன் தலைவரே."

"நீயா? கிழிஞ்சுது."

மறுவாரம் நகரத்துக் கடைக்கு யுஸ்தினாவையும் அழைத்துக்கொண்டு போனார். கடைக்காரர் இரண்டு தொலைநோக்கிகளைக் கையில் கொடுத்து, பொழுது சாயும் வரை காத்திருந்து வாசலில் நின்று மலையைப் பார்க்கச் சொன்னாராம். மலிவானதில் மரங்கள் கரிக்கோடாகத் தெரிந்தன. விலை உயர்ந்ததில் மரப்பட்டையின் வெடிப்புக்கூடத் தெரிந்தது.

"இதுக்குத் தகுந்த வளையமும் வாங்கிக்கங்க ஐயா" என்றாராம் கடைக்காரர். துப்பாக்கிமேல் தொலைநோக்கியை இறுக்கிப் பிடிக்கிற வளையங்களைச் சொன்னார். "ரெண்டும் கட்டாதுன்னா, நடுத்தரமானதா ஒண்ணும் நல்ல வளையமும் வாங்குங்க."

"வளையம் வீட்ல இருக்கு" என்றுவிட்டார் சிரில்.

அவர் கொடுத்தது யுஸ்தினாவின் மேல்வரிசைப் பல்லுக்குச் சேர்த்திருந்த பணம். பேருந்தில் அவள் அழுதாளாம்.

"பல்லு அடுத்த வருஷம் கட்டிக்கலாம். மானு வராதுல்ல. கஞ்சி குடிக்கப் பல்லு எதுக்குடி?"

பழைய வளையம் புதிய தொலைநோக்கிக்குப் பெரிதாக இருந்தது. பியர் டப்பாவின் தகரத்தை வெட்டி இடுக்கில் திணித்து இறுக்கினார். பலகையை நோக்கி இரண்டு தோட்டா சுட்டார். இரண்டும் சரியாக விழுந்ததால் போதும் என்று நிறுத்திக்கொண்டார். பிறகு அந்தத் துப்பாக்கி டிராக்டரின் பின்பெட்டியில், கல் பாதையில் குலுங்கிக்கொண்டே, காட்டில் மானுக்குக் காத்திருக்கக் கட்டிய பரண் வரைக்கும் போனது.

அன்று அந்தியில் மான் வந்தது. அதன் மூச்சுப் புகைகூடக் கண்ணாடியில் தெரிந்தது என்று பிறகு பலரிடம் சொன்னார். தோளுக்குக் குறி வைத்த குண்டு குடலில் பாய்ந்தது.

மறுநாள் மதியம்தான் நாய்கள் அதைக் கண்டுபிடித்தன. ஓடைத் தண்ணீரில் படுத்துக்கொண்டு தலையை மட்டும் தூக்கித் தூக்கிப் பார்த்ததாம். க்லூன் கத்தியால் முடித்தார்.

மானைச் சங்க முற்றத்தில் கிடத்தினார்கள். வீழ்த்தியவரின் தொப்பியில், மானின் ரத்தம் தொட்ட தேவதாருக் கொப்பைத் தலைவர் வைத்துக் கைகுலுக்குவது வழக்கம். சிரில் தொப்பியைக் கழற்றி இரண்டு கைகளாலும் நீட்டினார். க்லூன் அதைத் தாண்டிப் போய், சுவரில் சாய்த்திருந்த துப்பாக்கியை எடுத்தார். இரண்டு விரலால் தொலைநோக்கியைத் திருகினார். அது திரும்பியது.

"பாருங்கய்யா! ராஜா ஏறுற குதிரைய வாங்கி, சேணத்த நூலால கட்டியிருக்கான்!"

கொப்பைத் தன் தொப்பியிலேயே செருகிக்கொண்டார். ஒருவரும் மறுக்கவில்லை. இனி சிரில் துப்பாக்கி தொடக்கூடாது என்பதற்கு எல்லாக் கைகளும் உயர்ந்தன. சிரிலின் தொப்பி இன்னும் நீட்டியபடியே இருந்தது.

"காட்டுப்பன்னி கலைக்க மட்டும் வா" என்றார் க்லூன். "எங்கிட்ட ஒரு நாய் குறையுது."

ஞாயிற்றுக்கிழமை போனார். வேலை க்லூனின் ஆலையில் இருக்கிறதே, போகாமல் என்ன செய்வார்? நாங்கள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தோம். ஜன்னலுக்கு வெளியே ஆட்கள் வரிசை கட்டி நின்றார்கள்.

"எங்க, குரைச்சுக் காட்டு" என்றார் க்லூன்.

சிரில் குரைத்தார்.

"இன்னும் சத்தமா!"

குரைத்தார். முற்றமே அதிரச் சிரித்தது. நான் யுஸ்தினாவைப் பார்க்கவில்லை.

"நல்லாதான் குரைக்கிறாரு" என்றாள் அவள். கிழங்கைப் பானையில் போட்டாள்.