மூன்று மணிக்கு மட்டும் காட்டும் வீடு

வடசென்னையில் வாடகை வீடு தேடிப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன மாசியில் தங்கை ரேவதிக்கு வீடு பார்க்கத் திருவொற்றியூர் போனோம். அவள் கணவருக்குச் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் வேலை. அவளுக்கு நான்காம் மாதம், தைராய்டும் உண்டு. ஏற்கெனவே இரண்டு முறை கலைந்துவிட்டதால் வீட்டில் எல்லோருக்கும் பயம். "பல புகை கலந்த காத்து ஹார்மோனையும் கெடுக்கலாம். ஒவ்வொரு புகையும் தனித்தனியா கொஞ்சம்தான்னு சொல்லுவாங்க, எல்லாம் ஒண்ணா சேர்ந்தா என்ன பண்ணும்னு யாருக்கும் சரியா தெரியல" என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

சென்ட்ரலில் மின்சார ரயில் ஏறினால் ஐந்து ரூபாய், அரை மணி நேரம். காலையில் வருகிறேன் என்றதற்குப் புரோக்கர் ஒப்பவில்லை. மதியம் மூன்றுக்குத்தான் காட்டினார். மாடி வீடு, கடற்காற்று பிய்த்துக்கொண்டு போனது.

"காத்து பாத்தியாம்மா? ஃபேனே வாணாம்" என்றார்.

இவ்வளவு நல்ல வீடு ஏன் காலியாகக் கிடக்கிறது? எனக்கு உறுத்தியது. எதிர்வீட்டு பர்வீன் அக்கா ரேவதியின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். புரோக்கர் படி இறங்கியதும், "காலீல ஒரு தபா வந்து பாரு" என்றார், மெதுவாக.

மறுநாள் ஆறரைக்கு நான் மட்டும் போனேன். ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவுக்கு அறுபது ரூபாய். அழுகிய முட்டையும் மண்ணெண்ணெயும் சேர்ந்த மாதிரி ஒரு நாற்றம்.

"இது என்ன நாத்தம்?" என்று டிரைவரைக் கேட்டேன்.

"நாத்தமா? ஒண்ணும் இல்லியே" என்றார், கர்ச்சீப்பால் மூக்கை இறுக்கிக் கட்டியபடி. நம்பிவிட்டேன் போங்கள்!

பர்வீன் அக்கா வீட்டில் ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. கதவிடுக்கில் ஈரத்துண்டு.

"மத்தியானம் கடக்காத்து எல்லாத்தையும் அந்தாண்ட தள்ளிகினு பூடும். காலீல ஆலைங்க பக்கத்துலேர்ந்து திரும்பி வரும்" என்றார். உள்ளே அவர் மகள் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மூன்றாம் வகுப்பு. எட்டு வயதிலேயே பெரியவளாகிவிட்டாளாம்.

"இந்தக் காத்தாலதானான்னு டாக்டராண்ட கேட்டேன். சொல்ல முடியாதுன்னாரு. அப்ப இல்லன்னு சொல்லுங்கன்னேன். அதுவும் முடியாதுன்னாரு."

தெரிந்தும் ஏன் இந்த வீட்டுக்கு வந்தீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

"நாங்களும் மூணு மணிக்குத்தாம்மா பாத்தோம்."

ரேவதிக்கு இப்போது புழல் பக்கம் வீடு. அங்கே காலை, மதியம், இரவு மூன்று வேளையும் போய் மோந்து பார்த்த பிறகுதான் சரி என்றேன். அப்படியும் சந்தேகம் தீரவில்லை. நீங்களும் விடிந்ததும் போங்கள். புரோக்கர் இல்லாமல் போங்கள். எதிர்வீட்டு ஜன்னலைப் பாருங்கள்.

பர்வீன் அக்காவைப் பார்த்துத் திரும்பிய அன்றே, அந்த மாடி வீடு வேண்டாம் என்று சொல்லப் புரோக்கருக்குப் போன் செய்தேன். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. "பரவால்லமா, நாளைக்கு வேற பார்ட்டி வருது. கைக்கொழந்தக்காரங்க."

"எத்தனை மணிக்கு?" என்றேன்.

"மூணு."