கேட் வேலையில் வந்த இனிப்பு நீர்

“...உட்கார்ந்து சம்பளம் வாங்க ஊரே அலையுது. நீ என்னடான்னா நாற்காலிய விட்டுட்டு வேலியச் சுத்துறேங்கிற. மூளை கீளை கலங்கிப் போச்சா தம்பி?” என்று சிரித்தார் மாணிக்கம் அண்ணன்.

சுங்கை பட்டாணியை ஒட்டிய ஒரு தொழிற்சாலையில் அவர் தலைமைக் காவலர். நான் கேட்டில் ஜாகா, காவலாள். வேலியோரம் சுற்றி வருவது அங்கே தண்டனை. தூங்கி மாட்டியவனுக்கும், லேட்டாய் வந்தவனுக்கும் கொடுப்பது. அதை நானாகப் போய்க் கேட்டால் மனுசன் சிரிக்காமல் என்ன செய்வார்?

கேட்டதற்குக் காரணம் என் இடது கால்.

ஒருநாள் வேலை விட்டு வந்து வாசற்படி ஏறும்போது, “என்னங்க, ஒரு கால் சிலிப்பர் எங்க?” என்றாள் என் மனைவி மேரி. கழன்று விழுந்தது எனக்குத் தெரியவே இல்லை. பெருவிரல் ஓரத்தில் புண் இருந்ததும் அவள் காட்டித்தான் தெரிந்தது. வலிக்கவில்லையே, நல்லதுதானே என்று இரண்டு வாரம் விட்டுவிட்டேன். நீங்கள் அப்படி விடாதீர்கள். வலிக்காத புண்தான் பயப்படவேண்டிய புண்.

ஆஸ்பத்திரியில் இருந்தவர் யாழ்ப்பாணத்து டாக்டரம்மா. ‘இனிப்பு நீர்’ என்றார் (இரத்தத்தில் சர்க்கரை கூடிப்போகும் நோய், முற்றினால் கால் நரம்பு மரத்துவிடும்). தராசில் ஏற்றிப் பார்த்தார்.

“என்ன வேலை செய்யிறனீங்கள்?”

“கேட்ல உட்கார்ந்திருக்கேன் டாக்டர்.”

“அதுக்கு முந்தி?”

அதற்கு முந்தி புக்கிட் செலம்பாவ் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினேன். மேடு ஏறி, வாளி நிறையப் பால் சுமந்து இறங்கினால் ஒரு சட்டிச் சோறு போன இடம் தெரியாது. “மரம் வெட்டுறவனுக்கு வயிறு ரெண்டு” என்பார்கள் எங்கள் ஆட்கள். டவுனுக்கு வந்தபோது மேட்டை அங்கேயே விட்டு வந்தேன். இரண்டாவது வயிற்றை மட்டும் கூட்டி வந்துவிட்டேன்.

கேட்டில் பன்னிரண்டு மணி நேர வேலை. மாற்று ஆள் வராமல் நகரக்கூடாது. கண்டீனுக்குக்கூடப் போகமுடியாது. அதனால் வேலைக்கு வரும் பிள்ளைகள் இரக்கப்பட்டு, “அண்ணே, பசியாறிட்டீங்களா?” என்று தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கும் இனிப்பான பால்தேநீர் தே தாரிக்கும் வைத்துவிட்டுப் போவார்கள். வேலை விட்டுப் போகிறவர்கள் மிச்சப் பலகாரத்தைத் தருவார்கள். வேண்டாமென்றால் முகம் வாடும். சொந்தக்காரர்களோ, “மாப்பிள்ளை தேறிட்டாரு” என்று பூரித்தார்கள். உட்கார்ந்து தின்றால் மலையும் கரையும் என்பது பழமொழி. எனக்கு அது கரையவில்லை. என் மேலேயே ஏறிக்கொண்டது.

டாக்டரம்மா மறைக்காமல் சொன்னார். “புண் ஆறாட்டி விரலை எடுக்கவேண்டி வரும். ஆறினாப் பிறகு நல்லா நடக்கோணும். ஒரே இடத்தில இருக்கிற வேலை உங்களுக்குச் சரிவராது.”

வெளியே வந்து மேரி அழுதாள். “தோட்டத்துக்கே போயிடலாங்க” என்றாள். இந்தக் காலோடு மேட்டில் யார் ஏறுவது? வேலையை வைத்துக்கொண்டால் கால் போகும். காலை வைத்துக்கொண்டால் வேலை போகும்.

மாத்திரையும் அரைத்தட்டுச் சோறுமாக இருந்தேன். மேரி தினமும் கட்டு மாற்றினாள். புண் மூடிய அன்று இரண்டு பேரும் கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினோம். மறுநாள்தான் மாணிக்கம் அண்ணன் முன்னால் போய் நின்றேன்.

அவர் சம்மதித்தார் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நீங்கள் பயந்துகொண்டே படிக்கவேண்டாம். விரல் பத்தும் இருக்கின்றன. பழைய காற்சட்டைகளை மேரி இரண்டு தடவை பிடித்துத் தைத்துவிட்டாள். கால் பழையபடி பேசுவதில்லை. அதன் வலியை நான் கண்ணால்தான் கேட்கவேண்டும். அதனால் தினமும் சாக்ஸைக் கழற்றி, பிள்ளையின் காலைப் பார்ப்பதுபோல் பார்க்கிறேன். முன்பெல்லாம் அடுத்த பொட்டலம் எப்போது வரும் என்றுதான் பொழுது போகும். இப்போது வேலியின் எந்தப் பக்கம் நிழல் விழுகிறது என்று பார்த்து மணி சொல்வேன்.

ஆனால் அன்றைக்கு, அந்தச் சிரிப்புக்கு முன்னால், சப்பாத்தைக் கழற்றி விரலைக் காட்டினேன். “ஆணி குத்தினாக்கூடத் தெரியாதுண்ணே. இது உட்கார்ந்தே வந்த வியாதியாம்.”

அண்ணன் சிரிப்பை நிறுத்தினார். என் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். கேட்டில் என்னைவிட அதிக வருஷம் உட்கார்ந்தவர் அவர். பிறகு காவல் கொட்டகையின் கதவைச் சாத்திவிட்டு, என் நாற்காலியில் உட்கார்ந்து, தொந்தியை ஒரு கையால் ஒதுக்கிக் குனிந்து, தன் பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.