மெஹர் அக்கா பின்னிய செம்போத்து

மெஹர் அக்கா போய்விட்டார். காலையில் அவர் மகள் ஷகிலா போன் செய்தாள். “அம்மா மௌத்தாயிட்டாங்கக்கா...”

எண்பதுகளில் ஜலகண்டாபுரத்தில் எங்களுக்குப் பக்கத்து வீடு. ஊரே தறி ஓட்டிக்கொண்டிருக்க, இவர் மட்டும் கம்பளி நூலும் ஊசியுமாக உட்கார்ந்திருப்பார். ஏற்காட்டில் அவர் கணவருக்கு ஸ்வெட்டர் கடை.

“இந்த வெயில்ல எப்படிக்கா கம்பளியத் தொடறீங்க?” என்றால், “மலை மேல இருக்கறவங்களுக்குக் குளுருதில்ல புள்ள” என்பார்.

அப்போது எனக்கு சேலம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை கிடைத்திருந்தது. கல்யாணத்துக்கு முன்பே எழுதிய பரீட்சை. ஆனால் வாசலைத் தாண்ட முடியவில்லை.

மாமியார் தங்கமானவர்தான். சகுனம் என்று வந்துவிட்டால் மட்டும் கல்லு. வீட்டுக்காரர் அம்மா பேச்சைத் தாண்ட மாட்டார்.

முதல் தடவை கிளம்பும்போது பூனை குறுக்கே போனது. அடுத்த தடவை யாரோ தும்மினார்கள். “இன்னிக்கு வேண்டாம் அம்மிணி. இன்னொரு நாள் பாத்துக்கலாம்.”

வேலையில் சேர இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. கிணற்றடியில் நின்று அழுதுகொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மெஹர் அக்கா கேட்டார்.

“உங்க ஊட்டுல எது குறுக்கால போனா நல்லதும்பாங்க?”

“செம்போத்துங்கக்கா...”

அந்த வாரம் முழுக்க அக்காவுக்கு செம்போத்து பார்ப்பதுதான் வேலை. கறுப்பு உடம்பு, செங்கல் நிற இறக்கை, நீள வால். முதலில் பின்னியதில் வால் குட்டையாகி மைனா மாதிரி இருந்தது. நான் சிரித்துவிட்டேன். கோபமாகப் பிரித்து மறுபடியும் பின்னினார்.

வயிற்றுக்குள் தறிக் கழிவு நூல். கண்ணுக்குக் குன்றிமணி. அந்தச் சிவப்பு முழி அப்படியே வந்துவிட்டது!

கடைசி நாள். பையோடு வாசலில் நிற்கிறேன், பின்னால் மாமியார். கிளுவை வேலியோரம் கறுப்பாக ஒன்று விருட்டென்று வந்தது. மறைந்திருந்து அக்கா நூல் கட்டி இழுக்கிறார்.

பாதி வழியில் முள்ளில் மாட்டிக்கொண்டது. இழுக்க இழுக்கத் தலை மட்டும் ஆடுகிறது... எனக்கு உயிரே போய்விட்டது.

மாமியார் இறங்கிப் போனார். குனிந்து அந்தக் குன்றிமணிக் கண்ணைத் தொட்டுப் பார்த்தார். வேலிக்கு மேலே அக்காவின் முக்காடு மட்டும் தெரிந்தது.

“ஏம்மா மெஹரு... வாலு அச்சு அசலா செம்போத்தாட்டமே இருக்குது.”

முள்ளிலிருந்து பதமாக எடுத்தார். வாசலின் அந்த ஓரம்வரை அவரே கொண்டுபோய் வைத்தார்.

“பாதில நின்னா எப்படி? இப்பத் தாண்டிருச்சு. பஸ்ஸு போயிரும், கெளம்பு சாமி.”

ரிட்டயர் ஆகும்வரை அந்த வேலையில் இருந்தேன். பிள்ளைகள் படித்தது, இந்த வீடு, என் பென்ஷன்... எல்லாமே மெஹர் அக்கா பின்னிக் கொடுத்தது. எத்தனை நன்றி சொன்னாலும், “நானு நூலத்தான இழுத்தேன். கொண்டுபோயி வெச்சது உங்க மாமியாரு” என்று சிரிப்பார்.

அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கமாம். கிளம்பிக்கொண்டிருக்கிறேன்.

அலமாரியிலிருந்து செம்போத்தை எடுத்தேன். ஒரு கண் எப்போதோ விழுந்துவிட்டது. வாசலில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை கொண்டுபோய் வைத்தேன்.

இன்றைக்குப் பயணம் உங்களுக்கு, அக்கா. நல்லபடியாகப் போய்ச் சேருங்க.