தகவல் தந்தவர் பெயர்

ஓமானில், சோஹாருக்கு மேற்கே மலைக்குள் ஏறும் குவாரிச் சாலையில் எங்கெங்கே பாறை சரிகிறது என்று வரைபடத்தில் குறிப்பது என் வேலை. கோயம்புத்தூரில் நிலவியல் படித்தவள் நான். கணவருக்கு இங்கே வேலை கிடைத்ததால் வந்து, ஒரு சிறிய ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்தேன். சரிந்த இடம், நாள், கல்லின் அளவு, தகவலுக்கு ஆதாரம் என்று ஒவ்வொரு சரிவுக்கும் சில கட்டங்களை நிரப்ப வேண்டும்.

ஆனால் மழையில் விழும் கல் மதியத்துக்குள் காணாமல் போய்விடும். லாரிகள் நிற்கக்கூடாது என்பதற்காக இயந்திரத்தைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் பள்ளத்தில் தள்ளிவிடுவார்கள். நான் போய்ச் சேரும்போது, கறுத்த மலைமுகத்தில் புதிதாகப் பிளந்த இடம் மட்டும் பச்சையாகத் தெரியும். என்றைக்கு விழுந்தது, எவ்வளவு விழுந்தது, ஒன்றும் தெரியாது. இவ்வளவு சின்னச் சரிவுகள் செயற்கைக்கோள் படத்திலும் அகப்படாது.

ஒரு நாள் அப்படி ஓர் இடத்தில் நின்று கணவரோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு டிப்பர் லாரி வந்து நின்றது. நான் பேசிய தமிழ் காதில் விழுந்திருக்க வேண்டும். ஓட்டுநர் தலையை நீட்டினார்.

“அது செவ்வாக்கிழமை காலையில விழுந்துச்சு மேடம். ஒரு கல்லு நம்ம கேபின் உசரம் இருந்துச்சு.”

சிவகங்கைப் பக்கத்துக்காரர், ஐம்பதை நெருங்கியவர். அந்தச் சாலையில் தினமும் நாலு நடை போய்வருகிறவர். என் நம்பரைக் கொடுத்தேன். அதன் பிறகு எங்கே கல் விழுந்தாலும் எனக்கு வாய்ஸ் மெசேஜ் வந்துவிடும். வண்டியை நிறுத்தி, கல்லுக்குப் பக்கத்தில் தன் ஹெல்மெட்டை வைத்து போட்டோ எடுத்து அனுப்புவார். ஹெல்மெட் இருந்தால் அளவு தெரியும் என்று நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். அந்த ஆண்டு என் வரைபடத்தில் இருந்த புள்ளிகளில் பாதிக்கு மேல் அவர் சொன்னவை.

அறிக்கையைச் சரிபார்த்தவர்கள் அதைத் திருப்பி அனுப்பினார்கள். ஆதாரம் என்ற கட்டத்தில் ‘ஓட்டுநர்’ என்று எழுதினால் போதாதாம். பெயரும் வேலை செய்யும் நிறுவனமும் வேண்டும், இல்லையென்றால் அந்தப் புள்ளிகளை நீக்கிவிடுங்கள் என்றார்கள். மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். அவரைக் கூப்பிட்டேன்.

“உங்க பேரைப் போட்டுக்கட்டுங்களாண்ணா?”

கொஞ்ச நேரம் பதில் இல்லை. லாரியின் இரைச்சல் மட்டும் கேட்டது.

“போடுங்க மேடம். பாத்ததத்தான சொன்னேன்.”

அந்தத் தயக்கம் எனக்குப் புரியத்தான் செய்தது. ஏன் யோசிக்கிறீர்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில், தேங்க்ஸ்ணா என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அறிக்கை அவர் லாரி ஓட்டிய குவாரி நிறுவனத்துக்கும் போயிற்று. மழை பெய்தால் சாலையை மூடிவிடுகிறோம் என்று அவர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவருடைய போட்டோக்களிலோ மழையும் இருந்தது, வரிசையாக நின்ற லாரிகளும் இருந்தன. சில வாரங்களாக அவரிடமிருந்து எதுவும் வராததால் நானே கூப்பிட்டேன். அப்போதுதான் சொன்னார்.

“வண்டிய வாங்கிட்டாங்க மேடம். இப்ப யார்டுல லாரி கழுவுற டூட்டி. போட்டோ மாஃபி, லாரி கலாஸ்னு சூப்பர்வைசர் அரபியில முடிச்சுவிட்டாரு. போட்டோவும் கிடையாது, இனி லாரியும் கிடையாதாம்.”

எங்கள் மேலாளரிடம் போய் நின்றேன். “நாம சர்வே பண்றவங்க. அவங்க ஆளு விஷயத்துல தலையிடாதீங்க” என்றார். அவர் பேச்சைக் கேட்காமல் குவாரி நிறுவனத்துக்கு ஒரு மெயில் அனுப்பினேன். ஓட்டுநரைத் தகவல் கேட்டுத் தொந்தரவு செய்தது நான்தான், அவர்மேல் தவறில்லை என்று எழுதினேன். பதில் வரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை கணவரோடு, அந்த ஓட்டுநர் தங்கியிருந்த தொழிலாளர் கேம்ப்புக்குப் போனேன். வாசலில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டார். சோப்புத் தண்ணீரில் விரல்கள் வெளுத்து, தோல் உரிந்திருந்தன. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், சொல்லவிடவில்லை.

“அத விடுங்க மேடம். கல்லு ஜாஸ்தி விழுகுற அந்த ரெண்டாவது வளைவுக்கு ஏதாச்சும் பண்ணாங்களா? பயலுக இன்னும் அதுலதான ஓட்றாங்க.”

“கம்பி வலை போடப் போறாங்களாம்ணா.”

“போட்டாச்சா?”

“இன்னும் இல்லைங்ணா.”

தலையாட்டிவிட்டு டீ போட உள்ளே போனார். என் கணவர் என்னைப் பார்க்கவில்லை.

ஒப்பந்தம் முடிந்ததும் ஓட்டுநர் ஊருக்குப் போய்விட்டார். புதுப்பிக்கவில்லை. அவர் வேண்டாமென்றாரா, நிறுவனம் வேண்டாமென்றதா என்று நான் கேட்கவில்லை. அவர் போன பிறகு வலை வந்தது. இரண்டாவது வளைவுக்கு மட்டும்.

இந்த மழைக்காலத்தில் பாகிஸ்தானிலிருந்து வந்த ஒரு பதான் ஓட்டுநர் என் வண்டியை நிறுத்தி, மேலே கல் விழுந்திருக்கிறது, போட்டோ அனுப்பட்டுமா என்று இந்தியில் கேட்டார். வேண்டாம் பாய், இடத்தை மட்டும் சொல்லுங்கள் என்றேன். ஆதாரக் கட்டத்தில் ‘சாலையில் செல்பவர்’ என்று எழுதினேன். அறிக்கை திரும்பி வந்தது. பெயர் தர மாட்டேன் என்று பதில் எழுதினேன். அந்தப் புள்ளியை எடுத்துவிட்டார்கள்.