சஹனில் ஏறிய சலாது

"மல்லி, இது தேனா ஈக்கிதே. புளிக்கிற ஒண்டு இல்லையா?"

வெள்ளவத்தைச் சந்தையில் அன்னாசிக் கீற்றை மென்றபடி மஷூர் ஹாஜியார் இப்படிக் கேட்டால் பழக்காரத் தம்பிக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? ஊரெல்லாம் இனிப்புத் தேடி அலைகிறது. இந்த மனிதர் இனிப்பென்றால் முகத்தைச் சுளிக்கிறார். மாங்காய்க்கும் கொய்யாவுக்கும் இதே பரீட்சைதான்.

எல்லாம் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு செய்த வேலை. டொக்டர் சோற்றைக் குறைக்கச் சொன்னார். வீட்டார் ஒரேயடியாக நிறுத்திவிட்டார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் மனைவி றலியாவும், மகன் ஷிப்லியும், மகள் ஷபீகாவும் பாயில் உட்கார்ந்து, நெய்ச்சோறு குவித்த சஹன் என்னும் ஒரே பெரிய தட்டில் கைபோட்டுச் சாப்பிடுவார்கள். குடும்பத் தலைவர் மேசையில் தனியாகக் குரக்கன் ரொட்டி பிய்ப்பார். சோறு இல்லாததைக்கூடப் பொறுத்துக்கொண்டார். அந்தத் தனித் தட்டுத்தான் அவர் நெஞ்சை அறுத்தது.

"தொத்து வருத்தக்காரன் மாதிரி ஒதுக்கி வெச்சீக்கிறாங்க" என்று தன் திரைச்சீலைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் புலம்பித் தீர்த்தார். பிறகுதான் யூடியூப்பில் கோழியும் இலையும் புளிப்புப் பழங்களும் கலந்த இந்தச் சலாதைக் கண்டுபிடித்தார். சஹன் நிறையக் குவிக்கலாம், தானும் பாயில் உட்காரலாம்!

மிளகு தடவிச் சுட்ட கோழியைக் கையால்தான் பிய்ப்பார், கத்தியை அண்டவிடமாட்டார். ஒவ்வொரு சலாது இலையையும் கடைத்துணிபோல வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை பார்ப்பார். தயிரில் தேசிக்காய் பிழிந்து, பச்சைமிளகாய் நறுக்கிப் போட்டு, பழங்களோடு பிரட்டும்போது யாரும் குசினிக்குள் கால்வைக்கக் கூடாது.

"ஆட்டுக்கு வெக்கிற தீனியா இது?" என்றார் றலியா, வாசலில் நின்றபடியே.

"தின்டு பாத்துட்டுக் கதைங்க!"

அந்த வெள்ளிக்கிழமை சஹன் நிறையச் சலாது ஏறியது. நால்வரும் சுற்றி உட்கார்ந்தார்கள். அடேயப்பா, ஹாஜியார் முகத்தில் பெருநாள் களை! பிள்ளைகளும் ருசித்துத்தான் சாப்பிட்டார்கள். பாதி முடிந்ததும் ஷிப்லி கையை மடித்துக்கொண்டு குசினிப் பக்கம் பார்த்தான்.

"உம்மா, சோறு எப்ப வரும்?"

"இதுதான்டா சாப்பாடு!" என்று வாப்பா கத்தினார்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்து முழித்தார்கள். பழத்தைத் தின்றுவிட்டுப் பகல் சாப்பாடு முடிந்தது என்றால் எந்த வயிறு ஒப்புக்கொள்ளும்? றலியா எழும்பிப் போய், எதற்கும் இருக்கட்டுமென்று ஆக்கி வைத்திருந்த நெய்ச்சோற்றுச் சட்டியைக் கொண்டுவந்து சஹனில் கவிழ்த்தார்.

"வாப்பா, நீங்க மேசைக்குப் போங்க. சோறு கலந்துரும்" என்றாள் ஷபீகா.

ஹாஜியாருக்குப் பகீரென்றது. மறுபடியும் அந்த மேசையா? அவசர அவசரமாகச் சலாது இலைகளைத் திரட்டிச் சஹனின் நடுவே வரம்பு கட்டினார்.

"சோறு அங்கால, நான் இங்கால. எழும்ப மாட்டன்!"

சிரிப்பை அடக்க முடியாமல் றலியா குனிந்து சோற்றைப் பிசைந்தார். ஹாஜியார் தன் பக்கத்துச் சலாதைக் கிளறி, இருந்ததிலேயே பெரிய கோழித்துண்டை எடுத்து, வரம்புக்கு மேலால் கையை நீட்டி, றலியாவின் சோற்றின்மேல் வைத்தார்.