சந்தனம் பட்ட இரண்டாவது தட்டு

நான் ஆசைப்பட்டுச் சேர்த்தது ஐந்தே ஐந்து இசைத்தட்டுகள். மற்றபடி எதையும் சேர்த்தவன் இல்லை. வேலை, அறை, பாய், பாத்திரம் எதுவும் என்னிடம் அதிக நாள் தங்கியதில்லை. ஆறாம் வகுப்புப் பரீட்சையில் தேறவில்லை. அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கி முதுகைக் கெடுத்துக்கொண்டவர். அவர் இறந்தபின், எங்கே வேலையோ அங்கேயே படுக்கை என்று ஆகிவிட்டது. ஜூரோங்கில் பலகைத் தொழிற்சாலை, குவீன்ஸ்டவுனில் ஒரு காப்பிக்கடையின் பின்னறை, கப்பலில் சரக்கை இறுக்கிக் கட்டும் வேலை என்று பல இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் கொஞ்ச நாளில் கால் அரிக்கத் தொடங்கும். கிளம்பிவிடுவேன்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு சீன முதலாளியிடம் வேலை செய்தேன். மதுக்கடைகளுக்கு ஜூக்பாக்ஸ் வாடகைக்கு விடுபவர். அவருடைய வேனில் போய்ப் பழைய தட்டுகளை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் போட வேண்டும், ஊசியைத் துடைக்க வேண்டும். செம்பவாங் பக்கம் நியூசிலாந்துச் சிப்பாய்கள் குடிக்க வரும் கடை ஒன்று இருந்தது. அவர்களில் யாரோ ஒருவன் ஊரிலிருந்து வந்த தன் தட்டை நடுவில் வெட்டி, ஜூக்பாக்ஸுக்குப் பொருந்தும்படி துளையைப் பெரிதாக்கி, இதையும் பெட்டியில் போடு என்று கொடுத்திருக்கிறான். கடைக்காரிக்கு அது பிடிக்கவில்லை. "அது பாடினா மிஷின் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு ஆளுங்க எழுந்து போறாங்க லா" என்று முதலாளியிடம் முறையிட்டாள். தூக்கிப் போடு என்றார் முதலாளி. கடையில் கிடந்த அதன் உறையையும் கேட்டு வாங்கி, நான் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

சுங்கை ரோடு சந்தையில் மூடியில்லாத ஒரு ரெக்கார்டு பிளேயர் வாங்கியிருந்தேன். பெரிய துளைத் தட்டு அதில் நிற்காமல் ஆடியது. பழைய ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டி நடுவில் செருகினேன். பாட்டு ஓடியது. மூன்று பையன்கள் ஒரு சின்ன அறைக்குள் சண்டையும் போட்டுக்கொண்டு சிரிக்கவும் சிரித்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. கிட்டார் தகரத்தை அறுத்தது. ஆனால் மெட்டு, சிறு பிள்ளைகள் பாடிக்கொண்டு ஓடுவதைப் போல எளிதானது. பாதி வார்த்தை எனக்குப் புரியவில்லை. சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுச் சட்டென்று நின்றுவிட்டார்கள். திரும்பப் போட்டேன். மறுபடியும் போட்டேன்.

அந்தப் பையன்கள் இங்கிலாந்தில் ஏதோ ஒரு தொழிற்சாலை ஊர்க்காரர்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பெரிய கம்பெனி எதுவும் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. தட்டைத் தாங்களே அச்சடித்து, உறையை நகலெடுத்து, கையால் வெட்டி ஒட்டினார்கள். ஒட்டிய இடத்தில் பசை வழிந்திருக்கும். மூலையில் பேனாவால் எண் எழுதியிருக்கும். என்னுடையதில் இருந்த எண் ஒன்று. எண் இருந்தால் அடுத்த எண்ணும் இருக்கும் அல்லவா? அங்கேதான் பிடித்தது பைத்தியம்.

இரண்டாவது, துறைமுகத்தில் ஓர் ஆங்கிலேயக் கப்பலின் எஞ்சின் அறை ஆளிடமிருந்து கிடைத்தது. ஒரு கூடை ரம்புத்தான் பழம் கொடுத்து வாங்கினேன். மூன்றும் நான்கும் சுங்கை ரோட்டில், நாடு திரும்பும் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன பெட்டிகளுக்குள் இருந்தன. அந்தக் குவியலிலேயே இரண்டாவதன் இன்னொரு பிரதியும் கிடைத்தது. அதையும் விடவில்லை. ஐந்தாவது மட்டும் அகப்படவில்லை. பல மாதங்கள் குனிந்து குனிந்து தேடினேன். சந்தைக்காரக் கிழவர் என்னைக் கண்டாலே "இன்னும் வரலே" என்று மலாயில் சொல்லிக் கையை ஆட்டுவார்.

அப்போது நான் தங்கியிருந்தது சிராங்கூன் ரோட்டைத் தொட்ட ஒரு சந்தில், கடைவீட்டின் மாடியில். கீழே, கடை முகப்பில் கூரையிட்ட ஐந்தடிப் பாதையில் வீட்டுக்கார அக்கா பூக்கட்டி விற்பார். புருஷன் இல்லை. மாடியைப் பலகையால் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார். என் தடுப்புக்கு அடுத்து ஒரு தையற்காரர். பலகை மெலிதானது. நான் தட்டைப் போட்டால் அவர் கத்தரிக்கோலால் பலகையைத் தட்டுவார்.

"டேய், யாரையோ வச்சு அடிக்கிறானுங்கடா. போலீசைக் கூப்பிடவா?"

"பாட்டுண்ணே அது."

"எது, இதுவா? என் மிஷினு எண்ணெய் போடாம ஓடினா இதைவிட நல்லா பாடும்."

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் சுங்கை ரோட்டில் நான் தட்டுக் குவியலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எதிர்ப்பக்கம் குந்தியிருந்த ஒருவன் அதே குவியலை அந்தக் கோடியிலிருந்து புரட்டினான். நியூசிலாந்துச் சிப்பாய், முகாமில் லாரி பழுதுபார்ப்பவன். என்ன தேடுகிறாய் என்று கேட்டான். பையன்களின் பெயரைச் சொன்னேன். அவன் குவியலை விட்டுவிட்டு எழுந்து நின்றான். இந்த ஊரில் அந்தப் பெயரை இன்னொரு வாய் சொல்லி அவனும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

ஐந்தாவது அவனிடம் இரண்டு இருந்தன. அவன் வாங்கியது ஒன்று. தெரியாமல் அவன் தங்கை அனுப்பியது ஒன்று. அவனுடைய இரண்டாவது தட்டின் மேல் முகாமில் எவனோ உட்கார்ந்துவிட்டான். பையன்கள் பிரிந்துவிட்டார்கள் என்பதையும் அவன்தான் சொன்னான். ஐந்தோடு முடிந்தது, இனி அச்சடிக்க ஆள் இல்லை. அவனுக்கும் இங்கே தவணை முடிந்துவிட்டது. அந்த வாரம் ஊருக்குத் திரும்புகிறான். கிளம்புவதற்கு முந்தைய மாலை மட்டும் அவனுக்கு வெளியே வர அனுமதி. என் அறைக்கே வருகிறேன் என்றான். என்னிடம் கூடுதலாக இருந்த இரண்டாவதற்கு அவனுடைய ஐந்தாவது என்று பேசிக்கொண்டோம்.

அந்த மாலை ஆயுத பூஜை என்பது எனக்கு நினைவில்லை. நான் வேதக்காரன், கிறிஸ்தவன். அந்த நாள் கணக்கு எனக்குப் பழக்கமில்லை. அன்று வேலையும் இல்லை. ஜூக்பாக்ஸ் முதலாளி தொழிலை மூடிவிட்டார். காலையில் ஒரு கப்பல்பட்டறையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்டுப் போய், வெயிலில் வரிசையில் நின்று, இல்லை என்று சொல்லக் கேட்டு மாலையில்தான் திரும்பினேன்.

மாடிக் கூடத்தில் பாய் விரித்துப் பூஜை முடிந்திருந்தது. அக்காவின் பூ வெட்டும் கத்தரி, நார்ச் சுருள், தராசு. தையற்காரரின் மிஷின், இஸ்திரிப் பெட்டி, அளவு நாடா. எல்லாவற்றிலும் சந்தனம், குங்குமம். ஓரத்தில் என் ரெக்கார்டு பிளேயர். அதன் மேல் செவ்வந்திச் சரம். அதன் முன்னால் என் தட்டுகள், உறையை விட்டு வெளியே எடுத்து, வட்டமாகப் பரப்பி, ஒவ்வொன்றிலும் ஈரச் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம்.

பாயின் ஓரம் வரை போனேன்.

"என்னக்கா இது?"

அக்கா கொண்டைக்கடலைச் சுண்டலைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தார். "உன்னுதுன்னு வைக்க ஒண்ணுமில்லையேப்பா. சுத்தியல் இருக்கா, கரண்டி இருக்கா? மாசத்துக்கு ஒரு வேலை. அது ஒண்ணத்தான் விடாம வச்சிருக்க. அதான் எடுத்து வச்சேன்."

"உறைமேல வச்சிருக்கலாமேக்கா."

"கத்திக்குப் பொட்டு வைக்கச் சொன்னா உறைக்கா வைப்பாங்க? பொருள்மேலதான் வைக்கணும்."

தையற்காரர் சிரித்தார். "நான் சொன்னேன், அவன் வேதக்காரன், அவனுக்கு எதுக்குன்னு. கேக்கலை."

"ஏன், கத்தரியும் சுத்தியலும் எந்தக் கோயிலுக்குப் போகுது? நீ சும்மா இரு."

சந்தனம் காய்ந்து பள்ளங்களில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு தட்டை எடுக்கக் குனிந்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். பூஜையில் வைத்ததை மறுநாள் பூஜை செய்தபின்தான் எடுக்க வேண்டும். அதுவரை யாரும் தன் கருவியைத் தொடமாட்டார்கள். அவரே அன்று கடை திறக்கவில்லை. பூ வியாபாரத்துக்கு அது எப்பேர்ப்பட்ட நாள் என்பது சிராங்கூன் ரோட்டில் எல்லாருக்கும் தெரியும்.

சிப்பாய் அந்த நேரத்தில்தான் படியேறி வந்தான். கையில் பிளாஸ்டிக் பை, பைக்குள் இரண்டு அட்டைகளுக்கு நடுவே ஐந்தாவது. செருப்பைக் கீழே விட்டிருந்தான். கூடத்தைப் பார்த்தான், தட்டுகளைப் பார்த்தான். இதைத் தின்ன வேண்டுமா கேட்க வேண்டுமா என்று கேட்டான். எடுக்க முடியாது என்றும், நாளைக் காலையில்தான் என்றும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். காலையில் எங்கள் லாரி விமான நிலையத்துக்குப் போய்விடும் என்றான்.

அவன் நேராக அக்காவிடம் திரும்பினான். மதுக்கடைகளில் பழகிய மலாய் அவனிடம் இருந்தது. அக்காவிடமும் சந்தை மலாய் இருந்தது. எனக்கு வேலை வைக்காமல் இருவரும் பேசத் தொடங்கினார்கள்.

"அம்பெல் சத்து, போலே?" ஒன்றே ஒன்று எடுக்கலாமா என்றான்.

"தா போலே." முடியாது. "பேசோ பாகி போலே." நாளைக் காலையில் முடியும்.

"பேசோ பாகி சாயா பாலே!" நாளைக் காலையில் நான் ஊருக்குப் போகிறேனே!

தையற்காரர் நடுவில் புகுந்தார். "வெள்ளைக்காரன் கெஞ்சுறான்க்கா. நான் வேணா கண்ணை மூடிக்கிறேன்."

நான் நினைத்திருந்தால் எடுத்திருக்கலாம். என்னைத் தடுக்க எனக்கு எந்தச் சாத்திரமும் இல்லை. ஐந்தாவது என் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு பிளாஸ்டிக் பையில் இருந்தது. அது அந்தப் படியில் இறங்கிப் போனால் திரும்ப வராது. ஆனால் காலையில் அந்த வரிசையில் என்னிடம், உனக்கு என்ன தொழில் தெரியும் என்று கேட்டிருந்தார்கள். சொல்ல ஒன்றுமில்லாமல் நின்றேன். இங்கே அக்கா அவருடைய தராசுக்குப் பக்கத்தில் எனக்கு இடம் போட்டிருந்தார். கையை நீட்ட முடியவில்லை.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். பிறகு சிப்பாயின் பையைப் பார்த்தார்.

"எடுக்கத்தான் கூடாது. வைக்கலாம். அவன் கொண்டு வந்ததை வச்சுட்டுப் போகச் சொல்லு. வெள்ளி முளைக்கிறதுக்குள்ள நான் பூஜையை முடிச்சுடறேன். முதல் பஸ்ஸுல நீ உன்னோடதைக் கொண்டுபோய்க் குடு."

நான் சொன்னேன். சிப்பாய் தயங்கினான். என்னை ஒரே ஒருமுறை சந்தையில் பார்த்தவன். நான் வராவிட்டால் அவன் தேடி வர வழியில்லை. பையைப் பிரித்துத் தட்டை வெளியே எடுத்தான், உறைக்குள் வைத்தான், மறுபடி எடுத்தான். கடைசியில் குனிந்து என் தட்டுகளின் வட்டத்தில் காலியாக இருந்த இடத்தில் வைத்தான். அக்காவின் விரல் சந்தனக் கிண்ணத்துக்குப் போனது. "தா போலே! தா போலே!" என்று சிப்பாய் இரண்டு கையாலும் தட்டை மறைத்தான். தையற்காரர் சிரித்த சிரிப்பில் கீழ்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு பூவை மட்டும் பக்கத்தில் வைத்தார். சிப்பாய் உட்கார்ந்து இரண்டு கிண்ணம் சுண்டல் தின்றுவிட்டுப் போனான்.

சொன்னபடி அக்கா இருட்டோடு எழுந்து குளித்து, கற்பூரம் காட்டி, "எடுத்துக்கோ" என்றார். பூவுக்குத் தண்ணீர் தெளிக்கும் குவளையும் பழைய வேட்டித் துணியும் கொடுத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். தட்டைச் சுழலும் திசையிலேயே மெதுவாகத் துடைத்தோம். சந்தனம் போய்விட்டது. குங்குமம் சிலவற்றில் நின்றது. இரண்டாவதன் இரு பிரதிகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஒன்று சுத்தமாகப் பாடியது. மற்றதில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'டிக்'.

"கெட்டுப்போச்சா?" என்றார் அக்கா. குரல் சின்னதாக இருந்தது.

"இல்லக்கா. பாடுதே."

முதல் பஸ்ஸில் இரண்டையும் எடுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் மடியில் அவற்றைப் பார்த்துக்கொண்டே போனேன். முகாமின் வாசலில் லாரிகளில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சிப்பாய் டயர் மேல் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் இறங்கி ஓடி வந்தான். சுத்தமாகப் பாடும் பிரதியை அவனிடம் கொடுத்தேன். அவன் ஒரு கீறல் இல்லாத தட்டை ஓர் இரவு முழுக்க எங்கள் பாயில் விட்டுவிட்டுப் போனவன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். நடுக் காகிதத்தின் ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கறை இருந்தது. அதைக் கட்டைவிரலால் தேய்க்கப் போனவன், விட்டுவிட்டான். லாரி கிளம்பியது.

அன்று பகல், முதல் தட்டிலிருந்து ஐந்தாவது வரை வரிசையாகப் போட்டுக் கேட்டேன். ஐந்தாவதில் பையன்கள் கொஞ்சம் நிதானமாகிவிட்டிருந்தார்கள். சண்டை குறைந்து மெட்டு கூடியிருந்தது. முடியப்போவது தெரிந்து பாடினார்களோ என்னவோ. அக்கா படியில் பூக்கட்டிக்கொண்டு கேட்டார்.

"ரெண்டாவது தட்டுல கடிகாரம் ஓடுற மாதிரி இருக்கே, அது என்ன?"

"உங்க சந்தனம்க்கா."

"அப்ப அந்த ஒண்ணு மட்டும்தான் கேக்கிற மாதிரி இருக்கு" என்றார் தடுப்புக்குப் பின்னாலிருந்து தையற்காரர்.

அடுத்த ஆண்டு ஆயுத பூஜைக்கு நான் அந்த வீட்டில் இல்லை. துவாஸ் பக்கம் ஒரு பட்டறையில் வேலை கிடைத்து, அங்கேயே தங்கினேன். பூஜையன்று ஒரு நல்ல ஸ்பானரைத் துடைத்து எடுத்துக்கொண்டு சிராங்கூன் ரோட்டுக்கு வந்தேன். அக்கா அதை வாங்கித் தராசுக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு என் கையில் இருந்த பையைப் பார்த்து, "அதை எதுக்கு மறைச்சு வச்சிருக்க? குடு" என்றார்.

கொடுத்தேன். உறையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, விளிம்பை மட்டும் பிடித்து, வட்டமாகப் பரப்பினார். மோதிர விரலில் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் தட்டின் நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டினேன். ஐந்திலும் அங்கேயே வைத்தார்.