சாலையைக் கடக்கும் பெண்

நூலகத்தில் அவளைச் சுருளக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வருகிறவர்கள் முதலில் அவள் தலைமுடியைப் பார்ப்பார்கள். அது குச்சி மாதிரி நேராக இருப்பதைக் கண்டு குழம்பிப்போவார்கள். கீழ்த்தளத்தின் கடைசி அறையில் கிடக்கும் படச்சுருள்களைக் கட்டி மேய்ப்பதால் வந்த பெயர் அது என்று யாராவது எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

பள்ளிக்கூடங்களுக்கு நூலகம் படச்சுருள் இரவல் கொடுத்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். பல் தேய்ப்பது எப்படி, தேனீக்கள் எப்படிக் குடித்தனம் நடத்துகின்றன, இப்படியான படங்கள். திரும்பி வரும் சுருளை மேஜையில் மாட்டி ஒரு கையால் சுழற்றுவாள், இன்னொரு கையின் விரலிடுக்கில் பிலிமை ஓட விடுவாள். கிழிசல் இருந்தால் விரலில் தட்டும். தட்டிய இடத்தில் கெட்டுப்போன பிரேம்களை வெட்டி எறிந்துவிட்டு இரண்டு முனைகளையும் ஒட்டிவிடுவாள். ஓர் ஒட்டுக்கு இரண்டு மூன்று பிரேம்கள் போகும். திரையில் அது கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. யாருக்கும் தெரியாது.

பள்ளிக்கூடங்கள் கேட்பதை நிறுத்தின பிறகு அவளை மேலே புத்தகப் பிரிவுக்கு மாற்றினார்கள். அறைச்சாவி மட்டும் அவளிடமே தங்கிவிட்டது. கொஞ்ச காலமாக அங்கே ஒரு வாடை. பழைய பிலிம் கெட்டால் வினிகர் போலப் புளித்து நாறும். ஒன்று புளித்தால் பக்கத்தில் இருப்பதையும் புளிக்க வைத்துவிடும். "ஊறுகாய் ஜாடிக்குள்ளயா உக்காந்து வேலை பாக்குற?" என்று அவள் கணவன் கேட்பான்.

புதிய நூலகர் அவளைவிட வயதில் சின்னவள். ஒருநாள் மூக்கைப் பொத்திக்கொண்டே சொன்னாள்: "அக்கா, இந்த ரூம் நமக்கு வேணும். வெள்ளிக்கிழமை இந்தப் படத்தையெல்லாம் பிரதி எடுக்கிறவர் வர்றாரு. நல்லா இருக்கிறதைத் தனியா வச்சிடுங்க. புளிச்சது ஒண்ணுகூட வேண்டாம்னுட்டாரு, அதெல்லாம் குப்பைக்குத்தான். எது எதுன்னு நீங்களே முடிவு பண்ணிடுங்க. எனக்குத் தலைவலி வந்துடுது."

சுருளக்கா முடிவு பண்ணினாள். ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மோந்து பார்த்து, இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று அடுக்கினாள். கடைசியில் ஒரே ஒரு டப்பா மடியில் மிஞ்சியது. சாலையை எப்படிக் கடக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் படம். திறக்காமலே வாடை அடித்தது.

அந்தப் படத்தில் அவள் அம்மா இருந்தாள்.

நடிக்க வந்தவள் இல்லை. இதே ஊர்த் தெருவில் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது, கையில் ஒரு பையோடு, கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குறுக்கே நடந்து போனவள். அன்றைக்கு அந்தப் பையோடுதான் அம்மா வீட்டைவிட்டுப் போனாள், திரும்பி வரவில்லை. சுருளக்கா அப்போது கைக்குழந்தை. அப்பா வீட்டில் ஒரு போட்டோ விடாமல் கொளுத்திவிட்டார். அவளுடைய அக்காதான் பள்ளிக்கூடத்தில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, "அம்மா படத்துல போறா" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அப்பா விட்ட அறைக்குப் பிறகு அந்தப் பேச்சே வீட்டில் எழவில்லை.

இதெல்லாம் மனதில் வைத்துத்தான் இந்த வேலைக்கு வந்தாள் என்று சொன்னால் அவளே ஒப்புக்கொள்ளமாட்டாள். ஆனால் தன் பிள்ளைகள் வெளியே கிளம்பினால், தெருமுனையில் அவர்கள் திரும்பிப் பார்க்கும்வரை வாசலைவிட்டு நகரமாட்டாள். "திரும்பிட்டேன், உள்ள போம்மா!" என்று மகன் கத்துவான்.

அக்காவுக்குப் போன் செய்தாள்.

"அக்கா, அந்தப் படம் வெள்ளிக்கிழமையோட போயிடும். ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போயேன்."

"செத்தவங்களப் போய்ப் பாக்கவே எனக்கு நேரமில்ல. இதுல ஓடிப்போனவள வேற பாக்கணுமா?"

என்றாலும் மறுநாள் மத்தியானம் வந்துவிட்டாள். தையல்கடையிலிருந்து நேராக வந்ததில் அளவு நாடா கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் இல்லாத அந்த அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு உன் குகை."

"உக்காரு. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்." சுருளக்கா டப்பாவைத் தடவிக்கொண்டே இருந்தாள். "அம்மா நடுரோட்டுல நின்னு திரும்பிப் பார்ப்பால்ல, அந்த இடத்தை நான் போட்டுப் போட்டுப் பாத்தேன். ஆள் இல்லாதப்பல்லாம் பாத்தேன். பாத்துப் பாத்தே அங்க கிழிஞ்சுது. கிழியக் கிழிய வெட்டி ஒட்டினேன். இப்ப அம்மா முகமே அதுல இல்லக்கா. எல்லாம் என் கத்தரியிலயே போயிடுச்சு."

அக்கா அவளை உற்றுப் பார்த்தாள்.

"என்னடி உளர்ற? அவ திரும்பவே மாட்டாளே."

"திரும்புவாக்கா."

"நான் பாத்தப்போ படம் புத்தம் புதுசு. வருஷா வருஷம் ஸ்கூல்ல போடுவாங்க. இந்தத் தடவையாவது திரும்புவாளான்னு உக்காந்திருப்பேன். பையத் தூக்கிக்கிட்டு நேரா போய்க்கிட்டே இருப்பா. அவ திரும்பியிருந்தா நான் ஏன்டி இப்படி இருக்கேன்?"

சுருளக்கா மெதுவாகக் கேட்டாள்:

"அப்ப அந்தப் புருவத் தழும்பு? இடது புருவத்துல, குறுக்கால?"

அக்காவின் கை அளவு நாடாவிலேயே நின்றுவிட்டது.

"அத யாரு உனக்குச் சொன்னா?"

"யாரும் சொல்லல. பாத்தேன்."

அக்கா நாடாவைக் கழுத்திலிருந்து உருவித் துணிப்பைக்குள் திணித்தாள். பிறகு, "போடு" என்றாள்.

"பிலிம் சுருங்கிப் போயிருக்குக்கா. ஓட்டினா அறுந்துடும். இதுக்கப்புறம் எதுவும் மிஞ்சாது."

"போடுன்னு சொல்றேன்ல."

சுருளக்கா விளக்கை அணைத்தாள். புரொஜெக்டர் இருமிக்கொண்டே கிளம்பியது. வெள்ளைக் கையுறை போட்ட போலீஸ்காரர் கையை நீட்டினார். பிள்ளைகள் வரிசையாகக் கடந்தார்கள். பிலிமின் ஓரத்துத் துளைகள் சக்கரப் பல்லில் சரியாக உட்காராததால் தெரு மொத்தமும் நடுங்கியது. பிறகு திரையின் ஓரத்திலிருந்து அந்த முதுகு வந்தது. பை, கொண்டை, கொஞ்சம் சாய்ந்த நடை. அக்கா மூச்சை உள்ளிழுப்பது கேட்டது. முதுகு சாலையில் இறங்கியது, நடுவுக்கு வந்தது. படக்கென்று ஒரு சத்தம். திரை வெறும் வெள்ளையாகிவிட்டது.

ஒட்டு இருந்த இடத்திலேயே அறுந்திருந்தது. சுருளக்கா இரண்டு முனைகளையும் பிடித்தாள். பழக்க தோஷம், இன்னொரு கை தானாகக் கத்தரியை எடுத்தது. அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வெட்டாத."

முன்பாதியின் முனையை வாங்கி புரொஜெக்டர் வெளிச்சத்தில் நீட்டிப் பிடித்தாள். ஊசியில் நூல் கோக்கிறவளைப் போலக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். அப்படியே தங்கையிடம் நீட்டினாள்.

ஒட்டுக்கு முந்தின அந்தக் கடைசி பிரேமை லென்ஸ் வைத்து எத்தனையோ முறை பார்த்தவள் சுருளக்கா. கொண்டையும் பின்கழுத்தும் மட்டும்தான் அதில் உண்டு. இப்போது தோளுக்கு மேலே ஒரு கன்னத்தின் கோடு தெரிந்தது. அதற்கும் மேலே ஒரு புருவத்தின் நுனி.

"இது நான் பாத்த பிரேம் இல்லக்கா."

"திரும்ப ஆரம்பிச்சிருக்கா." அக்கா, அறையில் வேறு யாரோ தூங்குவது போல, குரலைத் தணித்துச் சொன்னாள். "இதுக்கு மேல பாக்காத. சுத்தி வை."

சுருளக்கா சுற்றினாள். பின்பாதி புரொஜெக்டரிலிருந்து தரையில் குவிந்து கிடந்தது, அந்தப் பெண் தெருக்கோடி வரை நடந்து மறையும் பாதி. அதை வாரிக் குப்பைக்குப் போகிற அடுக்கில் போட்டாள். போட்ட பிறகு நெஞ்சு லேசாகத்தான் இருந்தது.

முன்பாதிதான் எங்கேயும் சேரவில்லை. நல்ல சுருள்களோடு வைத்தால் அவற்றையும் கெடுக்கும். குப்பையில் போட இப்போது இரண்டு பேருக்குமே தைரியம் இல்லை.

அக்கா தன் துணிப்பையை விரித்துப் பிடித்தாள். "இதுல போடு."

"நீயா? ஓடிப்போனவள எதுக்குப் பாக்கணும்னு கேட்ட ஆளு, இப்ப வீட்டுக்கு எடுத்துட்டுப் போறியா?"

"நான் எங்க எடுத்துட்டுப் போறேன்?" டப்பா உள்ளே விழுந்ததும் அக்கா பையின் வாயைச் சுருட்டி இறுகப் பிடித்துக்கொண்டாள். "அவளாத்தான் வர்றா."